எடைமேடை, இரவுப் பணி

அக்டோபர் வந்தால் குருஷ்விட்சாவில்
காற்றே வெந்த கிழங்காய் மணக்கும்.
சர்க்கரை ஆலை வாசலில் கண்ணாடிக் கூண்டு,
கூண்டில் ஒரு ஹீட்டர், ஒரு நாற்காலி, நான்.
இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை
லாரிகள் ஏறி நிற்கும், எண் சொல்வேன், இறங்கும்.

நடுவில் ஓர் இரும்புக் குழாய் வரும்.
குவியலில் குத்திப் பத்துக் கிழங்கைக் கவ்வும்.
அந்தப் பத்துதான் முழு லாரியின் இனிப்பு.
"அரையடி தள்ளிக் குத்தியிருந்தால்
வேறு கணக்கு, ஒதிலியா"
என்று சண்டைக்கு வருவார்கள்.
விதி அது, என்பேன்.
பதினோரு வருடம் அப்படித்தான் சொன்னேன்.

இருபத்தோராம் நாள் ரத்தம் கொடு என்றது சீட்டு.
கொடுத்தேன்.
நள்ளிரவில், மேடைமேல் லாரி நிற்கையில்
போன் ஒளிர்ந்தது:
புரோஜெஸ்டிரோன், ஒன்று புள்ளி ஆறு.
பக்கத்தில் தலைகீழாய் ஒரு சிவப்பு அம்பு.
இருபத்தாறு டன் கிழங்குக்கு
ஒன்று புள்ளி ஆறு என்று ரசீது அடித்துவிட்டேன்.
ஓட்டுநர் படித்துப் பார்த்து
"என் டயர்களே இதைவிடக் கனம்" என்றான்.
சிரித்தேன் போலிருக்கிறது.

"முட்டையே வரவில்லையா?" என்றார் செவெரின்,
வாயில் பல்துலக்கும் பிரஷ்ஷோடு.
பதில் தெரியாமல் நோட்டைத் திறந்தேன்.
ஊர் எழும் நேரத்தில் நான் படுப்பவள்.
என் விடியல் மதியம் இரண்டு மணி.
நாக்கடியில் தெர்மாமீட்டர், கண்ணைத் திறக்குமுன்:
முப்பத்தாறு புள்ளி மூன்று, மூன்று, நான்கு, மூன்று.
இருபத்திரண்டாம் நாள்தான் ஏழு.
பிறகு இறங்கவே இல்லை.

அட.
இருபத்தொன்று என்பது
இருபத்தெட்டு நாள்காரிகளின் கணக்கு.
எனக்கு மாதம் முப்பத்தைந்து நாள்.
வாசலுக்கே வராத லாரியைக்
காலி என்று எழுதியிருக்கிறார்கள்.

இருபத்தெட்டாம் நாள் மறுபடி ஊசி.
பஞ்சை அழுத்திக்கொண்டே கொர்னேலியா சொன்னாள்:
"அலை அலையாய் வரும் சங்கதி இது.
எட்டு மணிக்கு ஒன்று, பத்து மணிக்கு வேறொன்று.
அடுத்தவள் எண்ணோடு வைத்துப் பார்க்காதே."
பதின்மூன்று புள்ளி இரண்டு.
அம்பு இல்லை.

முட்டை போனபின்
உடைந்த கூடே மஞ்சளாகிறதாம்.
மஞ்சளாகி அடுப்பு மூட்டுகிறது,
உடம்பை அரைக்கால் டிகிரி சூடாக்கி
உள்ளே படுக்கையை மெத்தென்று ஆக்குகிறது.
ஏறக்குறைய பதினான்கு நாள்,
யாரோ வந்திருப்பதாய்ச் சேதி வரும் வரை.
வராவிட்டால் அணைந்து வெளுத்து
ஒரு வெள்ளைத் தழும்பாய்ச் சுருங்குகிறது.
எனக்குள் எத்தனை என்று
எண்ணிப் பார்க்கத் தொடங்கி, நிறுத்திவிட்டேன்.

அந்த வாரம் மார்பு கனத்தது,
கிழங்கு வாசம் குமட்டியது,
கூண்டிலேயே தூங்கி விழுந்தேன்.
கரு இருந்தாலும் அதே, இல்லாவிட்டாலும் அதே;
எல்லாம் அந்த மஞ்சளின் வேலை.
பதின்மூன்று புள்ளி இரண்டு சொன்னதும் அவ்வளவுதான்:
முட்டை புறப்பட்டது.
போய்ச் சேர்ந்ததா என்று
எண்ணிடம் கேட்கக் கூடாது.
கேட்டேன். தினமும் கேட்டேன்.

முப்பத்தைந்தாம் நாள், மதியம் இரண்டு மணி:
முப்பத்தாறு புள்ளி நான்கு.
உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்த செவெரின்
என் முகத்தைப் பார்த்தார்,
கத்தியைக் கழுவி வைத்தார்,
ஹாட் வாட்டர் பாட்டிலைத் தேடிப் போனார்.
மாலைக்குள் ரத்தம் வந்துவிட்டது.
நோட்டில் புதுப் பக்கம். நாள் ஒன்று.

இரவு மழை.
சேறு அப்பிய லாரி ஒன்று மேடையில்.
குழாய் குத்தி எடுத்தது, எண் வந்தது.
கிழவன் முணுமுணுத்தான், கத்தக்கூட இல்லை.
"நில்லுங்கள்" என்றேன்,
"இன்னொரு இடத்தில் குத்துகிறேன்."
விதி மாறிவிட்டதா என்று கேட்டான்.
ஆமாம், என்றேன்.
மாறவில்லை.